மரத்துப்போன கைகள்

கரிவலம்வந்தநல்லூரிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஒருவருடைய கையைப் பார்த்தே அவர் தொழிலைச் சொல்லிவிடலாம். மண்வெட்டி பிடித்த உள்ளங்கையில் காய்ப்பு எந்த இடத்தில் இருக்கும், கொத்தனாரின் விரலிடுக்கைச் சிமென்ட் எப்படி அரித்திருக்கும், பீடி சுற்றும் பெண்ணின் விரல்நுனி எப்படிக் கறுத்திருக்கும் என்பதெல்லாம் இங்குள்ளவர்கள் யாரும் கற்பிக்காமலே அறிந்தவை. சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடங்களில் அறுந்த இழைகளை முடிச்சிட்டே தேர்ந்த விரல்களையும் நாம் அடையாளம் காண்போம். காய்ப்பேறிய கை நம்மிடையே ஒரு நற்சான்றிதழ். இவர் உழைத்தவர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அந்தக் கை வலிக்கிறது என்று அவர் சொன்னால் நாம் நம்பிவிடுகிறோம்.

இந்த வீடுகளிலிருந்து படித்து வெளியேறிய பிள்ளைகளின் கையில் அப்படி எந்த அடையாளமும் இல்லை. 2000-ஆம் ஆண்டில் சென்னையில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் நம் பகுதி இளைஞர்கள் பலர் கணினிப் பணிக்குப் போனார்கள். 2011-இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் அலுவலகம் அமைத்தபோது அந்தப் பணி நம் மலையடிவாரத்துக்கே வந்தது. 2020-இல் கொள்ளைநோய் ஊரடங்கு அவர்களை மடிக்கணினியோடு வீட்டுக்கே திருப்பி அனுப்பியது. கட்டிலில் தலையணையை மடியில் வைத்தும், பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தும், சமையற்கட்டு மேடையருகே நின்றும் அவர்கள் நாள் முழுதும் வேலை செய்ததைப் பெற்றோர் முதன்முறையாகக் கண்ணால் கண்டார்கள். இரவில் விரல்கள் மரத்து, கையை உதறிக்கொண்டு அவர்கள் எழுந்ததையும் கண்டார்கள். "ஏல, காத்தாடிக்கு அடியில உக்காந்து விரலை அசைக்கதுக்கா கை வலிக்கி?" என்று தாத்தாமார் கேட்டது பாதி கேலி, பாதி உண்மையான ஐயம். அடையாளம் இல்லாத வலியை நாம் எந்த அளவுக்கு நம்பக் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற கேள்வி அந்தக் கேலிக்குள் இருக்கிறது.

முதலில் உடலைப் பற்றிச் சிறிது. நம் மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளாலும் அவற்றின் மேல் குறுக்கே இழுத்துக் கட்டிய உறுதியான தசைநார்ப் பட்டையாலும் ஆன ஓர் ஒடுங்கிய வழி உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் அவற்றோடு ஒரு நரம்பும் அதன் வழியே நெருக்கியடித்துச் செல்கின்றன. அந்த நரம்பே பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்வைத் தருகிறது. தசைநாண்களைச் சுற்றிய உறை வீங்கினால் அந்த ஒடுக்கத்தில் முதலில் நசுங்குவது நரம்புதான். விரல்கள் மரத்துக் குறுகுறுக்கும். நாளடைவில் பெருவிரலின் அடித்தசை மெலியும். கையிலிருந்து பாத்திரம் நழுவும். இதே போன்ற நெருக்கம் முழங்கையில் வேறொரு நரம்புக்கு நேர்ந்தால் சுண்டுவிரல் மரக்கும். நீரிழிவு, தைராய்டு குறைபாடு, மூட்டுவாதம், கருவுற்றிருத்தல் ஆகியனவும் இந்த நெருக்கத்தை வளர்க்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதி.

இதற்குக் கணினியே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல மருத்துவ அறிவியல் முன்வரவில்லை. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கணினியை மிகுதியாகப் பயன்படுத்திய ஊழியரிடையே மணிக்கட்டு நரம்பு நோய் ஏறத்தாழப் பொதுமக்களிடையே காணப்படும் அளவிலேயே இருந்தது. 2003-இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஏறத்தாழ 7,000 பேரைப் பின்தொடர்ந்தது. வாரத்தில் 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடித்தவர்களுக்கு மரப்பு உணர்வு மிகுந்ததை அது கண்டது. ஆயினும் விசைப்பலகையைப் பெருங்குற்றவாளியாக அது தீர்க்கவில்லை. அதிர்வு தரும் கருவிகளையும், அழுத்திப் பிடித்து ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையையும் பற்றிய சான்றுகளே இன்னும் உறுதியானவை. இந்த உண்மையை மறைத்துக் கணினியைப் பேயாகச் சித்தரிப்பது நேர்மையாகாது. ஆனால், காரணம் ஐயத்துக்குரியது என்பதனால் வலியும் ஐயத்துக்குரியதாகிவிடுமா? தோள், கழுத்து, முன்கை என எங்கெங்கோ பரவும் நோவுகளுள் பல எந்தச் சோதனையிலும் அகப்படுவதில்லை. நோவோ குறைவதில்லை.

நீதிமன்றங்கள் இந்த இடத்தில் தடுமாறியிருக்கின்றன. 1980-களில் ஆஸ்திரேலியாவின் தொலைபேசி ஊழியர்கள், தட்டச்சர்களிடையே கைவலி முறையீடுகள் பெருகியபோது, இது உடலின் நோயா மனத்தின் நோயா என்று மருத்துவர்களே இரு கட்சியாகப் பிரிந்தனர். 1993-இல் இலண்டனில் ஒரு பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில், இத்தகைய நோய்க்கு மருத்துவ நூல்களில் இடமேயில்லை என்று நீதிபதி ஜான் பிராசர் கருத்துரைத்தார். அதே நாட்டில் ஒரு பெண் செயலாளரின் கைவலி வழக்கு முதல் நீதிமன்றத்தில் தோற்று, மேல்முறையீட்டில் வென்று, 1998-இல் பிரபுக்கள் அவையில் மீண்டும் தோற்றது. ஒரே கை, ஒரே வலி, மூன்று தீர்ப்புகள். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கத்தக்க தொழில்நோய்களைத் தொகுத்தது. ஈயநஞ்சு, கல்தூசு நோய், பஞ்சுத்தூசு நோய் அதில் இடம்பெற்றன. கை நரம்பின் நெருக்கம் இடம்பெறவில்லை.

நீதிபதிகளை மட்டும் குறைசொல்ல நாம் முன்வரவில்லை. பணம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பெழுதுகிறவர் சான்று கேட்கத்தான் வேண்டும். பொய் முறையீடுகளும் உலகில் உண்டு. ஆனால் ஈட்டுத்தொகைக்குக் கேட்கும் சான்றை நாம் ஓய்வுக்கும் கேட்கத் தொடங்கிவிட்டோம். இந்தக் கட்டுரை கவலைப்படுவது அதைக் குறித்தே.

கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஒருவர் இதைக் கண்டார். இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்தீனோ ரமாசீனி 1700-இல் தொழிலாளரின் நோய்களைப் பற்றி இலத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். 1713-இல் அதை விரித்தெழுதினார். எழுத்தர்களின் துன்பத்துக்கு அவர் கூறிய காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கை எப்போதும் ஒரே போக்கில் அசைதல், பிழை நேரக்கூடாதே என்னும் மனவிறுக்கம். அவருக்கு அறிமுகமான ஓர் எழுத்தரின் வலக்கை வலுவிழந்தது. அவர் அரும்பாடுபட்டு இடக்கையால் எழுதப் பழகினார். சிறிது காலத்தில் இடக்கையையும் அந்த நோய் பற்றியது. நோயாளியிடம் பழங்கால மருத்துவர் கேட்ட கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார் ரமாசீனி: நீர் என்ன தொழில் செய்கிறீர்? முந்நூறு ஆண்டுகள் ஆகியும் பல மருத்துவமனைகளில் அந்தக் கேள்விக்கு நேரமில்லை.

'எப்போதும் ஒரே போக்கில்' என்பதை நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அக்குவினாவின் புனித தோமா, விலங்குகளுக்கு இயற்கை கொம்பும் நகமும் கொடுத்திருக்க மனிதனுக்கு ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறார். மனிதனுக்கு அறிவும் கையும் கொடுக்கப்பட்டுள்ளன; அவற்றால் எண்ணிறந்த கருவிகளை அவனே ஆக்கிக்கொள்வான் என்பது அவர் விடை. அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, கருவிகளுக்கெல்லாம் கருவி என்று கையைச் சிறப்பிக்கிறார். ஒரே வேலைக்கென்று வார்க்கப்படாததே கையின் பெருமை என்று இதிலிருந்து நாம் கொள்ளலாம். பிள்ளையை ஏந்தவும் ஏர் பிடிக்கவும் சிலுவை அடையாளம் வரையவும் ஆன உறுப்பு அது. அதை ஒரே அசைவில் பூட்டி நாளொன்றுக்குப் பல ஆயிரம் முறை அசையச் செய்யும்போது, தசை நோவது போகட்டும், கை என்பது எதுவோ அதுவே மறுக்கப்படுகிறது.

பழைய தட்டச்சுப் பயிலகங்களை நினைவுகூர்வோர் நம்மிடையே பலர் உண்டு. முதுகை நிமிர்த்து, மணிக்கட்டை மேசையில் ஊன்றாதே என்று பயிற்றுநர் பிரம்போடு சுற்றிவருவார். அந்தக் கட்டுப்பாட்டைவிடப் பெரிய நன்மை பொறியிலேயே இருந்தது. வரி முடியும்போது மணி ஒலிக்கும். இடக்கை எழுந்து உருளையைத் தள்ளும். தாள் முடிந்தால் மாற்ற வேண்டும். நிமிடத்துக்குச் சில முறை கை தன் நிலை மாறியது. கணினி அந்த மணியை நீக்கிவிட்டது. (விரல்களை எண்ணிப் பார்த்த வடிவமைப்பும் கணினியில் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ் 99' விசைப்பலகை உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மிகுதியாக வரும் மெய்களை வலக்கைக்கும் பகிர்ந்து கொடுத்தது. நம்மவர் பெரும்பாலோர் அதைப் பழகவில்லை என்பது வேறு கதை.) கோவில் மணி மூவேளை ஒலிக்க, வயலில் நின்றவர்கள் மண்வெட்டியை ஊன்றி மூவேளைச் செபம் சொன்னதும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். அந்த மணி, உனக்குக் களைப்பா என்று யாரையும் கேட்கவில்லை.

கை நரம்பைப் பற்றித் தமிழகம் உலகுக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் மடங்கிப்போன கைகளை ஆராய்ந்தார். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் நம் சிந்தனைக்கு அவர் தந்தது பெரிது. விரல்கள் நோயினால் தானாக அழுகி விழுவதாக அக்காலத்தில் எல்லாரும் எண்ணினர். நரம்பு செத்து வலி இல்லாமற் போவதே விரல்களை அழிக்கிறது என்று அவர் கண்டார். சூடான பாத்திரத்தைப் பிடித்த கை விலகுவதில்லை. ஆணி குத்திய கை நிறுத்துவதில்லை. இரவில் எலி விரலைக் கடித்தாலும் தூங்குகிறவருக்குத் தெரிவதில்லை. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். வலி என்பது இறைவனின் கொடை என்று அந்த மருத்துவர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தினார்.

பிற்காலத்தில் அமெரிக்காவில் அவரும் அவருடைய உதவியாளர்களும் செயற்கை வலியை உண்டாக்க முயன்றனர். உணர்வற்ற கையில் அணியும் உறை ஒன்று; அழுத்தம் எல்லை மீறினால் அது எச்சரிக்கும். முயற்சி தோற்றது. கருவியின் குறைகள் ஒருபுறமிருக்க, எச்சரிக்கை தம் வேலைக்கு இடையூறாக வந்தபோது அணிந்தவர்கள் அதை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். நிறுத்த முடிகிற வலியால் பயனில்லை என்று பிராண்ட் முடிவுக்கு வந்தார்.

இதை வாசிக்கும்போது நம் பிள்ளைகளின் நினைவு வராமற் போகாது. அவர்களுடைய நரம்பு சாகவில்லை. எச்சரிக்கை ஒழுங்காக வருகிறது. மாத்திரை ஒன்று, தைலம் சிறிது, மணிக்கட்டில் ஒரு பட்டை, பிறகு மறுபடியும் வேலை. நாளைக்குள் முடிக்க வேண்டிய பணி, அடுத்த தரமதிப்பீடு, வீட்டுக்கடனின் தவணை ஆகிய எல்லாம் சேர்ந்து அந்த விசையை அணைக்கச் சொல்கின்றன. நீயே உன் உடம்பைப் பார்த்துக்கொள், வேண்டும்போது எழுந்து நட என்று அறிவுரை சொல்வது எளிது. எழுந்து நடப்பதற்கு உரிய விலையைத் தனி ஒருவர் கொடுக்க வேண்டியிருக்கும் இடத்தில் அந்த அறிவுரை எதற்கும் உதவாது.

ஓய்வுநாள் ஏன் அறிவுரையாக இல்லாமல் கட்டளையாகவே கொடுக்கப்பட்டது என்பது இங்கே விளங்குகிறது. விடுதலைப் பயண நூலும் இணைச்சட்ட நூலும் ஓய்வை மகனுக்கும் மகளுக்கும் அடிமைக்கும் மாட்டுக்கும் கழுதைக்கும் சேர்த்தே விதிக்கின்றன. களைத்தவர்க்கு மட்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. எகிப்தில் நீயும் அடிமையாயிருந்தாய் என்ற நினைவூட்டலே இணைச்சட்டம் காட்டும் காரணம். செங்கல் எண்ணிக்கை குறையக்கூடாது என்று பார்வோன் கெடுபிடி செய்த நாட்டில், கையை எடுக்கும் உரிமை எவருக்கும் தனியாக இருந்ததில்லை. எல்லாரும் ஒருங்கே நிறுத்தும்போதுதான் ஒருவர் அச்சமின்றி நிறுத்த முடியும்.

ஆண்டவர் இயேசு ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் கை சூம்பியவரைக் குணமாக்கிய நிகழ்ச்சியை மூன்று நற்செய்தியாளர்கள் எழுதியுள்ளனர். அது வலக்கை என்று கூர்ந்து குறிப்பவர் லூக்கா. அந்த மனிதர் தாமாக எதையும் கேட்டதாக எவரும் எழுதவில்லை. கூட்டத்தின் நடுவே எழுந்து நிற்கும்படி இயேசுவே அவரை அழைக்கிறார். பரிசேயரின் நிலையிலும் ஒரு நியாயம் இருந்தது: உயிர்போகும் நோய் அன்று, நாளைக்குச் செய்தால் என்ன? கைநோயின் துயரமே இதுதான். அது எப்போதும் நாளை வரை காத்திருக்கக்கூடிய நோய். காத்திருக்கக்கூடியது என்பதாலேயே இயேசு காத்திருக்க மறுத்தார். எபிரேய மரபினரான கிறித்தவர்கள் பயன்படுத்திய ஒரு பழைய நற்செய்தியில் அந்த மனிதர் கொத்தனார் என்று கூறப்பட்டிருந்ததாகப் புனித எரோணிமுஸ் தம் மத்தேயு விளக்கவுரையில் குறித்துவைத்தார். கையால் உழைத்துப் பிழைத்தவன் நான், வெட்கத்தோடு பிச்சையெடுத்து உண்ணாதபடி என்னை நலமாக்கும் என்று அவர் மன்றாடினாராம். திருச்சபை ஏற்ற நற்செய்தி அன்று அது. ஆயினும் உழைப்பாளியின் நெஞ்சை அறிந்த யாரோ எழுதியது. வேலூரில் பிராண்ட் சீராக்கிய கைகளோடு ஊர் திரும்பிய ஒருவர், இந்தக் கையைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லையே என்று முறையிட்டாராம். அதன்பின்னரே அறுவைச் சிகிச்சை மட்டும் போதாது என்று அங்கே தச்சுத் தொழில் கற்பிக்கும் இல்லம் தொடங்கப்பட்டது.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இளமையில் கிராக்கோவுக்கு அருகில் கல்லுடைக்கும் குவாரியிலும் வேதிப்பொருள் ஆலையிலும் கூலியாக இருந்தவர். 1981-இல் அவர் வழங்கிய 'லபோரெம் எக்செர்சென்ஸ்' என்னும் சுற்றுமடல், வேலை மனிதனுக்காகவே அன்றி மனிதன் வேலைக்காக அல்லன் என்பதை அடித்தளமாகக் கொண்டது. மனிதனுக்குத் துணையாக வரும் பொறி அவனுக்கு எதிரியாகவும் மாறக்கூடும் என்று அதில் எச்சரித்தார். கணினி நிறுவனங்களை நடத்துவோரும் அவற்றில் மேற்பார்வையாளராக அமர்ந்திருப்போரும் நம் பங்குகளிலும் உண்டு. மணிக்கொரு முறை எல்லாரும் எழுந்திருக்கும் வழக்கத்தை அவர்கள் தம் குழுவில் ஏற்படுத்தலாம். மருத்துவச் சீட்டு கேட்காமலே ஏற்படுத்தலாம். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் நிறுவனங்களைச் சுட்டிவிட்டு நாம் விலகிக்கொள்வதற்கில்லை. ஊரடங்குக் காலத்தில் நம் பகுதி வீடுகளில் ஒரே கூரையின்கீழ் இருவர் ஒரே விதமாகக் குனிந்திருந்தனர். கூடத்தில் மகன் மடிக்கணினியோடு. திண்ணையில் தாய் மடியில் சுளகோடு. இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, தலை மடக்கி, நூல் கட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அந்தத் தாயின் விரல்களும் இரவில் மரக்கின்றன. அவள் அதை வாதம் என்றும் வயது என்றும் பெயரிட்டுச் சும்மா இருந்துவிடுகிறாள். மருத்துவம் உறுதியாகச் சொல்லக்கூடிய சான்று மகனுடைய வேலையைவிட இவளுடைய வேலையின் பக்கமே மிகுதி. எனினும் மகனின் கைக்குத் திருநெல்வேலியில் நரம்புச் சோதனை நடந்தது. தாயின் கைக்கு வேப்பெண்ணெய் தடவப்பட்டது. தாத்தாவின் கேலிக்கு ஆளான மகன்கூட அம்மாவின் கையைப் பற்றிக் கேட்டதில்லை. ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்புகளும் அதனோடு துன்புறும் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அந்த வாசகத்தைக் கேட்கும் நமக்கு, எந்த உறுப்பிலிருந்து செய்தி வரவில்லை என்று பார்க்கும் பழக்கம் இல்லை. வேலூரில் கண்டதுபோல், வலி தெரியாத இடமே முதலில் அழிகிறது.

பங்குகளில் இலவச மருத்துவ முகாம்கள் நடைபெறுகின்றன. வரிசையில் நிற்கும் பெண்களிடம் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறோம். ரமாசீனியின் கேள்வியையும் அங்கே கேட்கலாம் என்பது நம் வேண்டுகோள். கேட்டால் வரும் விடை பெரும்பாலும் ஒன்றே: "நான் சும்மா வீட்லதான் இருக்கேன்." காலையில் அறுநூறு பீடியைச் சுற்றி முடித்துவிட்டு வந்த பெண்ணும் அப்படித்தான் சொல்வாள். அந்த விடையைச் சீட்டில் எழுதிக்கொள்ளாமல், அம்மா, கையைக் காட்டுங்கள் என்று கேட்கும் ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.